ஜப்பான்ல ரெண்டு வருஷ மகளிர் காலேஜுங்க ஏன் மூடிச்சு? ஆவோயாமா ஜூனியர் காலேஜ், 1950 – 2022

கேள்வி: ஜப்பான்ல புள்ளைங்களே பொறக்கறதில்ல, அதான் காலேஜ இழுத்து மூடுறான். டோக்கியோ நடு சென்டர்ல இருந்த ஆவோயாமா மகளிர் ஜூனியர் காலேஜே போயிருச்சுன்னா பாத்துக்கங்க. இதுல வேற என்ன காரணம் தேட வேண்டிக்கிடக்கு?

நவம்பர் 8, ராத்திரி 11:20

புள்ளைங்க குறைஞ்சது நிஜம், இல்லங்கல. ஆனா கணக்கு இடிக்குதே தம்பி. 18 வயசு ஆளுங்க 1992ல சுமார் 20.5 லட்சம், 2022ல சுமார் 11.2 லட்சம். பாதிக்கு கொஞ்சம் மேலதான் மிச்சம். சரி, அதே 1992ல நாலு வருஷ யுனிவர்சிட்டி எத்தன இருந்துச்சு? 523. 2023ல? 810. புள்ளைங்க பாதியாகுது, யுனிவர்சிட்டி ஒண்ணரை மடங்காகுது, ரெண்டு வருஷ காலேஜ் மட்டும் 1996ல 598 இருந்தது இப்ப 300க்கும் கீழ. மழை எல்லா வீட்டு மேலயும்தான் பேஞ்சுது, ஒரு வீடு மட்டும் ஏன் இடிஞ்சு விழுந்துச்சுன்னு பாக்க வேணாமா.

நவம்பர் 8, 11:45

இங்க இத எப்படி சொல்லுவாங்கன்னு கேட்டாங்க, அதனால சொல்லிடறேன். ஜூனியர் காலேஜுக்கு இங்க முழுப்பேரு தான்கி தாய்காக்கு, சுருக்கி "தந்தாய்"னு சொல்லுவாங்க. நான் வந்த புதுசுல பக்கத்து வீட்டம்மா "நான் தந்தாய்"னு சொன்னப்போ என்னத்த தந்தாங்கன்னு யோசிச்சுட்டு நின்னேன். ஆவோயாமா தந்தாய்க்கு செல்லப்பேரு ஆவோத்தன். இனிமே அப்படியே எழுதறேன்.

நவம்பர் 9, காலைல

ஞாயித்துக்கிழமை, வீட்ல எல்லாரும் தூங்கறாங்க, கொஞ்சம் நீளமா எழுதிக்கறேன்.

யுத்தத்துக்கு முன்னாடி இங்க பொண்ணுங்களுக்கு யுனிவர்சிட்டி கதவு கிட்டத்தட்ட சாத்தியே இருந்துச்சு. 1913ல தோஹொக்கு இம்பீரியல் யுனிவர்சிட்டி மூணு பொண்ணுங்கள சேத்துச்சு, அதையே இன்னிக்கும் பெருமையா பேசறாங்கன்னா மத்த இடத்துல நிலைமை என்னன்னு பாத்துக்கங்க. படிக்கணும்னா பொண்ணுங்களுக்குன்னு இருந்த தனி மேல்படிப்பு நிறுவனங்கதான், அதுலயும் நிறைய கிறிஸ்தவ மிஷன் ஆரம்பிச்சது. ஆவோத்தனோட தாய் நிறுவனம் ஆவோயாமா காகுயின், அதோட வேரும் அங்கதான். 1874ல டோரா ஸ்கூன்மேக்கர்னு ஒரு அமெரிக்க மெதடிஸ்ட் மிஷனரி அம்மா டோக்கியோவுல ஆரம்பிச்ச பொண்ணுங்க பள்ளிக்கூடம், அந்த மரத்துல கிளைவிட்டதுதான் மத்ததெல்லாம்.

யுத்தம் முடிஞ்சு அமெரிக்கா கையில நாடு இருந்தப்போ படிப்பு முறையையே மாத்துனாங்க. பழைய நிறுவனங்கெல்லாம் யுனிவர்சிட்டியா மாறணும், ஆனா நிறைய இடத்துல வாத்தியார் பத்தல, கட்டடம் பத்தல, லைப்ரரி பத்தல. அவங்கள என்ன பண்றதுன்னு யோசிச்சு "தற்காலிகமா" ஒரு ரெண்டு மூணு வருஷ யுனிவர்சிட்டி முறை கொண்டாந்தாங்க. அதான் தந்தாய். 1950 ஏப்ரல்ல ஒரே சமயத்துல 149 காலேஜ் தொறந்துச்சு, பெரும்பாலும் பிரைவேட். ஆவோத்தனும் அந்த முதல் செட்டுல ஒண்ணு. அந்த "தற்காலிகம்" 14 வருஷம் இழுத்து, 1964ல சட்டத்த திருத்திதான் நிரந்தரம் ஆச்சு.

யோசிச்சு பாருங்க, தற்காலிகம்னு போட்ட பந்தல்லயே லட்சக்கணக்குல பொண்ணுங்க படிச்சு வெளிய போனாங்க.

நவம்பர் 9, சாயங்காலம்

நேத்து எழுதுனதுல ஒண்ண தெளிவா சொல்லணும். எல்லாத்துக்கும் உச்சம் 1996னு படுற மாதிரி எழுதிட்டேன். காலேஜ் எண்ணிக்கைதான் 1996ல உச்சம். படிக்கறவங்க எண்ணிக்கை 1993லயே உச்சம் தொட்டு இறங்க ஆரம்பிச்சாச்சு, சுமார் 5.3 லட்சம் பேரு. அதாவது ஆளு இறங்கிட்டே இருக்கும்போதும் மூணு வருஷம் புதுசா காலேஜ் தொறந்துட்டுதான் இருந்திருக்காங்க. ஊருல தண்ணி வத்தற வருஷம் பாத்து கிணறு வெட்டுன கதை. இது ரெண்டையும் ஒண்ணா குழப்பக்கூடாது, ஏன்னா நான் சொல்லவர்ற விஷயமே அந்த இடைவெளியிலதான் இருக்கு.

நவம்பர் 12

தம்பி "அப்ப வேற என்ன காரணம், சொல்லுங்கக்கா"ன்னு கேட்டிருக்காரு. கம்பெனிங்க. கம்பெனிங்களுக்கும் அப்பா அம்மாக்களுக்கும் நடுவுல இருந்த எழுதாத ஒப்பந்தம்.

70கள்லயும் 80கள்லயும் ஆபீஸ்ல பொண்ணுங்களுக்கு ஒரு வழி போட்டு வெச்சிருந்தாங்க. 20 வயசுல தந்தாய் முடி, பெரிய கம்பெனில ஓஎல்லா சேரு (ஓஎல்னா ஆபீஸ் லேடி, டீ ஊத்தறதுல இருந்து பைல் அடுக்கறது, டைப் அடிக்கறது வரைக்கும்), அஞ்சு வருஷம் வேலை பாரு, அதே ஆபீஸ்ல ஒரு பையன கட்டிக்கோ, வேலைய விடு. இப்படி கல்யாணத்துக்காக வேலைய விடறதுக்கு கொத்தோபுக்கி தைஷான்னு மங்களகரமா ஒரு பேரு. அந்த வேலைக்கே கொஷிகாகேன்னு பேரு, அதாவது சும்மா கொஞ்ச நேரம் குந்தற முக்காலி. 25 தாண்டுனா கிறிஸ்துமஸ் கேக்குனு கிண்டல் பண்ணுவாங்க, 25ம் தேதிக்கு மேல விலை போகாதாம். இதெல்லாம் ஆபீஸ்ல சத்தமாவே பேசுன காலம்.

இந்த கணக்குல நாலு வருஷம் படிச்ச பொண்ணு எங்க பொருந்துவா? அவ வெளிய வரும்போதே 22. ஆம்பளைக்கு சமமா வேலை குடுக்கவும் மனசில்ல, டீ ஊத்த வைக்கவும் சங்கடம். அதனால நாலு வருஷம் படிச்ச பொண்ணவிட ரெண்டு வருஷம் படிச்ச பொண்ணுக்கு வேலை சுலபமா கெடைச்சுது. அதிகமா படிச்சா வேலை கம்மி, தலைகீழ் பாடம். வீட்ல தங்கி வேலைக்கு வர்ற பொண்ணுன்னா (ஜிதாக்குனு சொல்லுவாங்க) இன்னும் விசேஷம். 1990ல கூட நாலு வருஷ யுனிவர்சிட்டிக்கு போன பொண்ணுங்க 15.2 சதவீதம், தந்தாய்க்கு போனவங்க 22.2 சதவீதம்.

அப்புறம் என்ன ஆச்சு? ஆம்பளை பொம்பளை சம வேலைவாய்ப்பு சட்டம் 1985ல வந்து 1986ல அமலாச்சு. ஆரம்பத்துல பல்லில்லாத சட்டம், கம்பெனிங்க "ஸோகோஷொக்கு"ன்னு மேல ஏறுற வரிசை, "இப்பான்ஷொக்கு"ன்னு ஏறாத வரிசைன்னு ரெண்டா பிரிச்சு பொண்ணுங்கள ரெண்டாவதுல ஒதுக்கிட்டாங்க. அதுக்குள்ள பபிள் (நிலம், பங்கு விலையெல்லாம் தாறுமாறா ஊதுன பொருளாதார வீக்கம்) ஒடைஞ்சுது. காசு இல்லாத கம்பெனி முதல்ல வெட்டுனது அந்த ஏறாத வரிசையத்தான், அந்த வேலைய ஏஜென்ஸி மூலமா வர்ற தற்காலிக ஆளுங்களுக்கு குடுத்தாங்க. தந்தாய் எந்த நாற்காலிக்காக பொண்ணுங்கள தயார் பண்ணிச்சோ அந்த நாற்காலியையே தூக்கிட்டாங்க. 1996ல நாலு வருஷம் போற பொண்ணுங்க 24.6, தந்தாய் 23.7. அந்த வருஷம் முந்துனது முந்துனதுதான், திரும்பி பாக்கவே இல்ல. 2020ல பொண்ணுங்கள்ல பாதிக்கு மேல நாலு வருஷம்.

புள்ளைங்க குறைஞ்சதால இல்ல, பொண்ணுங்க வேற எடத்துக்கு போனதால காலியாச்சு. இதான் நான் சொல்றது.

நவம்பர் 13

"அப்ப மூடுனது நல்லதுதானே"ன்னு ஒருத்தர். ஆமான்னுதான் எழுத வந்தேன். அடிமை ஒப்பந்தம் முடிஞ்சுது, அதுக்கு ஆள் சப்ளை பண்ண எடம் போச்சு, எதுக்கு அழணும்?

சனிக்கிழமை சென்செய்ய பாத்துட்டு வந்து மிச்சம் எழுதறேன். அவங்க ஆவோத்தன்.

நவம்பர் 15, ராத்திரி

சென்செய்ன்னா எனக்கு ஜப்பானீஸ் சொல்லிக்குடுத்தவங்க. நிஷிகசாய்ல எங்க வீட்டுலேந்து பத்து நிமிஷ நடை, சமுதாயக் கூடத்துல சனிக்கிழமை வெளிநாட்டுக்காரங்களுக்கு காசு வாங்காம வகுப்பு எடுப்பாங்க. எனக்கு 11 வருஷமா பழக்கம். 1979ல ஆவோத்தன்ல ஆங்கில இலக்கியம் சேந்தவங்க.

இப்படி எழுதிட்டிருக்கேன்னு சொன்னதும் உள்ள போய் ஒரு சின்ன ஸ்டூடண்ட் கையேடு எடுத்துட்டு வந்தாங்க. உள்ளங்கையில அடங்கற சைஸ், அட்டை ஓரம் உரிஞ்சு அட்டைக்குள்ள இருக்கற சாம்பல் காகிதம் தெரியுது. உள்ள பென்சில்ல டைம்டேபிள், திங்கள்லேந்து சனி வரைக்கும். காலை பிரார்த்தனை நேரத்துக்கு மட்டும் செவப்பு பென்சில்ல கட்டம். அவங்க கிறிஸ்டியன் இல்ல, புத்த குடும்பம், ஆனா அந்த அரை மணி நேரம்தான் நாள் முழுக்க யாரும் எதுவும் செய்யச் சொல்லாத நேரம்னு சொன்னாங்க. கடைசி பக்கத்துல மூணு கம்பெனி பேரு எழுதி ரெண்டு அடிச்சிருந்துச்சு. அடிக்காத கம்பெனிலதான் சேந்திருக்காங்க, ஆறு வருஷம், அப்புறம் கல்யாணம். அதாவது நான் புதன்கிழமை கோவமா எழுதுன அதே வழி, ஒரு படி கூட மாறல.

நான் எழுதுனத மொழிபெயர்த்து சொன்னேன். முழுசா கேட்டாங்க. தலைய ஆட்டிட்டு, "எங்க அப்பா அண்ணனுக்கு நாலு வருஷம் கட்டுறேன்னாரு, எனக்கு ரெண்டு வருஷம் கட்டுறேன்னாரு. தந்தாய்னு ஒண்ணு இல்லன்னா எனக்கு நாலு வருஷம் கெடைச்சிருக்காது. சைபர்தான் கெடைச்சிருக்கும்"னாங்க.

எனக்கு பேச்சு வரல. கையேட திருப்பி திருப்பி பாத்துட்டே இருந்தேன்.

நவம்பர் 16

13ம் தேதி எழுதுனத நான் வாபஸ் வாங்கறேன். அழிக்கல, இருக்கட்டும், ஆனா வாபஸ். ஒப்பந்தம் தப்பு, அதுல மாத்தமில்ல. ஆனா அந்த ஒப்பந்தத்த எழுதுனது காலேஜ் இல்ல. 18 வயசுல ஹைஸ்கூலோட நின்னுருக்க வேண்டிய பொண்ணு கையில ஷேக்ஸ்பியர குடுத்தது காலேஜ். சென்செய் இன்னிக்கு 65 வயசுல எனக்கு சொல்லிக்குடுத்தது அந்த ரெண்டு வருஷத்தோட மிச்சம்தான்.

நவம்பர் 19

ஆவோத்தன் மட்டும் ஏன் அவ்வளவு நாள் தாக்குப்பிடிச்சுதுன்னு ஒரு நல்ல கேள்வி வந்திருக்கு. பேரு பெருசுங்கறது ஒண்ணு, தந்தாய்ங்கள்லயே உச்சில இருந்த காலேஜ் அது. எனக்கு தோணுற இன்னொரு காரணம் இடம்.

ஆவோயாமா காகுயின் யுனிவர்சிட்டி 1982ல அட்சுகில ஒரு கேம்பஸ் தொறந்துச்சு. டோக்கியோ நகரத்துல எடம் போதலன்னு முதல் ரெண்டு வருஷ பசங்கள அங்க தள்ளிட்டாங்க. ஷிபுயா, ஒமோத்தேசாந்தோன்னு டோக்கியோ நடுவுல படிக்க கனவு கண்டு சேந்த பசங்க மலையடிவாரத்துக்கு பஸ் புடிச்சு போனாங்க. 2003ல அட்சுகிய மூடிட்டு சாகாமிஹாராவுக்கு மாத்துனாங்க, அதுவும் தூரம்தான். ஆனா ஆவோத்தன் பொண்ணுங்களுக்கு முதல் நாள்லேந்து கடைசி நாள் வரைக்கும் ஷிபுயா. 2013ல கலை, வணிகம், சட்டம் மாதிரி படிப்பெல்லாம் நாலு வருஷமும் ஷிபுயா கேம்பஸுக்கே திரும்பி வந்துருச்சு. அப்ப ஆவோத்தன் கையில இருந்த கடைசி துருப்புச்சீட்டும் போச்சு. 2017ல அறிவிச்சாங்க, 2019லேந்து அட்மிஷன் இல்லன்னு. அதே 2019ல யுனிவர்சிட்டி சாகாமிஹாராவுல சமுதாயம், மனித அறிவியல்னு ஒரு புது பிரிவு தொறந்துச்சு. நாற்காலிங்க நகந்துச்சு, அதே வீட்டுக்குள்ளயே.

இடம்தான் காரணம்னு காலேஜ் சொல்லல, நான் சொல்றேன். தேதிங்கள பக்கத்துல பக்கத்துல வெச்சா எனக்கு அப்படித்தான் தெரியுது.

நவம்பர் 19, கொஞ்சம் கழிச்சு

மத்ததும் அப்படித்தான். ரிக்கியோ ஜோகாகுயின் தந்தாய், குகாயாமாவுல 1967ல தொறந்தது, 2018லேந்து அட்மிஷன் நிறுத்தி 2020ல மூடியாச்சு. காகுஷூயின் மகளிர் தந்தாய் சுதாரிச்சு 1998லயே நாலு வருஷ மகளிர் காலேஜா மாத்திக்கிச்சு. ஹாதானோவுல 1973ல தொறந்த ஜோச்சி தந்தாய் பொண்ணுங்க பக்கத்துல இருக்கற வெளிநாட்டு குடும்பத்து புள்ளைங்களுக்கு வீட்டுக்கே போய் ஜப்பானீஸ் சொல்லிக்குடுத்தாங்க. அதுவும் 2025லேந்து அட்மிஷன் நிறுத்திருச்சு. எனக்கு இந்த கடைசி ஒண்ணுதான் ரொம்ப வலிக்குது. அந்த புள்ளைங்களுக்கு இனி யாரு?

நவம்பர் 23

லீவு நாள். ஆவோயாமா போயிட்டு வந்தேன். ஐநா யுனிவர்சிட்டிக்கு எதிர்ல மெயின் கேட், உள்ள நுழைஞ்சா நேரா ரெண்டு பக்கமும் கிங்கோ மரம். முக்கால்வாசி மஞ்சளாகிருச்சு, தரையிலயும் மஞ்சள், அந்த கொட்டை மிதிபட்டா வர்ற நாத்தமும் இருந்துச்சு. மெதடிஸ்ட் சபைய ஆரம்பிச்ச ஜான் வெஸ்லியோட சிலை பக்கத்துல சின்ன புள்ளைங்க இலை பொறுக்கிட்டிருந்தாங்க. இங்க கிண்டர்கார்டன்லேந்து யுனிவர்சிட்டி வரைக்கும் ஒரே காம்பவுண்டு, அதனால மூணு வயசு புள்ளையும் பிஎச்டி மாணவனும் ஒரே நடைபாதையில போறாங்க. நடுவுல இருந்த ஒரு படிக்கட்டு மட்டும் இல்ல. சுத்தி சுத்தி வந்தேன், தந்தாய் பேரு போட்ட பலகை எதுவும் என் கண்ணுல படல.

சென்செய்க்கு நாலு இலை எடுத்துட்டு வந்தேன்.

நவம்பர் 24

சாகாத்தா பத்தி கேட்டவருக்கு சுருக்கமா. யாமாகாத்தால இருந்த சாகாத்தா தந்தாய் வேற கதை. உள்ளூர் புள்ளைங்க வரல, சீனாலேந்து மாணவர்கள கொண்டாந்தாங்க, அவங்கள்ல நிறைய பேரு அந்த ஊருல இல்லாம டோக்கியோல போய் வேலை பாத்துட்டிருந்தாங்கன்னு 2001, 2002 வாக்குல வெளிய வந்துச்சு. நிர்வாகம் திவாலாகி, கல்வி அமைச்சகம் அந்த நிர்வாகத்தையே கலைக்க உத்தரவு போடுற வரைக்கும் போச்சு. இங்க உங்க வாதம் எடுபடும் தம்பி. அந்த மாதிரி சின்ன ஊருங்கள்ல புள்ளைங்க குறைஞ்சதுதான் நேரடி அடி, நான் டோக்கியோ காலேஜ வெச்சு ஊருக்கே கணக்கு சொல்லிட்டேன். சின்ன ஊருல ரெண்டு அடியும் சேந்து விழுந்துச்சுன்னு சொல்றதுதான் சரி.

நவம்பர் 30

நேத்து என் சின்னவ ஹொய்க்குயென்ல (அங்கன்வாடி மாதிரி, ஆனா வேலைக்கு போற அப்பா அம்மாவோட புள்ளைங்களுக்கு) ஒரு டீச்சர்கிட்ட பேசிட்டிருந்தேன். 20 சொச்சம் வயசு. வடக்க ஒரு சின்ன ஊரு தந்தாய்ல குழந்தை கல்வி படிச்சிருக்காங்க, அவங்கதான் கடைசி பேட்ச். அட்மிஷன் நிறுத்திட்டா உடனே பூட்டு போட முடியாது, உள்ள இருக்கற கடைசி ஆளு முடிக்கற வரைக்கும் நடத்தணும். அதனால ரெண்டாவது வருஷம் அவங்களுக்கு கீழ ஒரு ஆளும் இல்ல.

ஏப்ரல்ல செர்ரி பூத்துச்சாம், வரவேற்பு விழா இல்ல. வாசல்ல செருப்பு வைக்கற தட்டுல பாதிக்கு பேரு ஒட்டல. காலேஜ் திருவிழாவுல யாக்கிசோபா (வறுத்த நூடுல்ஸ்) கடை போட்டு அவங்களே வறுத்து அவங்களே வாங்கி தின்னுருக்காங்க, ஊர் பாட்டிமாருங்க வந்து நிறைய வாங்குனாங்களாம். பியானோ பிராக்டிஸ் ரூமுக்கு முன்னெல்லாம் அடிச்சுக்கணும், அந்த வருஷம் எந்த ரூம் வேணும்னாலும் எவ்ளோ நேரம் வேணும்னாலும். "அதனாலதான் பியானோ நல்லா வந்துச்சு"ன்னாங்க. கோஹாய் (ஜூனியர்) இல்லாததுதான் கஷ்டம், யாருக்கும் எதையும் சொல்லிக்குடுத்துட்டு வர முடியலன்னாங்க.

என் பொண்ணு தினம் வீட்ல பாடுற பாட்டெல்லாம் அந்த காலி ரூம்ல பழகுன விரல்லேந்து வருது.

இன்னிக்கு மிச்சமிருக்கற தந்தாய்ங்கள்ல பெரிய பங்கு இந்த மாதிரிதான், ஹொய்க்குயென் டீச்சர், கிண்டர்கார்டன் டீச்சர், சத்துணவு நிபுணர். ரெண்டு வருஷத்துல லைசென்ஸ் கையில. ஓஎல்லுக்கு ஆள் அனுப்புன காலேஜ் போச்சு, டீச்சர அனுப்புற காலேஜ் மூச்ச புடிச்சுட்டு நிக்குது. ஊர்ல இருக்கற ஒரே தந்தாய் மூடுனா ரெண்டு மூணு வருஷத்துல அந்த ஊர் ஹொய்க்குயென்ல டீச்சர் கெடைக்காது, இத எந்த நகராட்சியாவது முன்கூட்டியே யோசிக்கணும்.

டிசம்பர் 7

தம்பி கடைசியா கேட்டது: காலேஜே இல்லன்னா சர்டிபிகேட் யாரு குடுப்பா, பயோடேட்டால என்ன எழுதுவாங்க?

ஆவோத்தன் மாதிரி தாய் நிறுவனம் இருக்கற எடத்துல ரெக்கார்டெல்லாம் அவங்க கையில, சர்டிபிகேட் அங்க கேக்கலாம். பயோடேட்டால படிச்ச காலத்துல இருந்த முழுப்பேர எழுதணும். பக்கத்துல "இப்ப மூடப்பட்டது"ன்னு சிலர் போடுவாங்க, கட்டாயமில்ல.

ஹொய்க்குயென் டீச்சர்கிட்ட நேத்து கேட்டேன், நீங்க போட்டீங்களான்னு. போடலையாம். "நான் இருக்கும்போது தொறந்துதானே இருந்துச்சு"ன்னு சொல்லிட்டு என் பொண்ணோட ஷூ லேஸ கட்ட குனிஞ்சாங்க.